காணிக்கைப் பையில் போன பதின்மூன்று போன்கள்

தூத்துக்குடி,
16-11-2025, ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி.

பிரியமுள்ள மகள் பெர்சிக்கு அப்பா கிருபாநிதி எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையினால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். உன் தம்பி ஸ்டெபின் சுகமா என்பது அவன் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திரும்பி வந்தால்தான் தெரியும். ராட்டர்டாமில் நீ சுகமாக இருக்கவும், ஆஸ்பத்திரியில் உனக்கு வேலை குறையவும் தினமும் குடும்ப ஜெபத்தில் உன்னை நினைக்கிறோம். இன்று மதியம் ஒரு மணிக்கு நீ வழக்கம்போலக் கூப்பிட்டிருப்பாய். நான் எடுக்கவில்லை. பயந்துவிடாதே, எனக்கு நெஞ்சுவலி ஒன்றும் இல்லை. போனை ஆண்டவருக்குப் படைத்துவிட்டேன், அவ்வளவுதான். என்னுடையதை மட்டுமல்ல, இன்னும் பன்னிரண்டு பேருடையதையும்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தலைமுறைக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பது என் முடிந்த முடிவு. நாசரேத் பள்ளிக்கூடத்தில் முப்பத்து நாலு வருஷம் சரித்திரப் பாடம் நடத்தியவன், வாய்க்கு வந்ததைச் சொல்லமாட்டேன். போன மாதம் உன் தம்பியிடம், "ஏலே, நம்ம ஊருக்குக் கடல் எந்தத் திசையில இருக்கு?" என்று கேட்டேன். துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறவன், தினமும் கடலைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கிறவன், "ஆபீஸ் சன்னல் பக்கம்ப்பா" என்கிறான். திசையைச் சொல்லுல என்றால் போனை உள்ளங்கையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி, "கிழக்குன்னு காட்டுதுப்பா" என்றான். காட்டுதாம்! சூரியன் தினமும் அந்தப் பக்கமிருந்துதான் எழும்புகிறது, அதற்கு சிக்னல் எல்லாம் வேண்டாம். சரி, டச்சுக்காரன் நம் ஊரை எத்தனை வருஷம் வைத்திருந்தான், அதையாவது சொல் என்றேன். "அக்கா அவுங்க ஊர்லதான இருக்கா, கேட்டுச் சொல்லட்டுமா?" என்கிறான். இவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நீயும் லேசுப்பட்டவள் இல்லை. அங்கே போன முதல் வருஷம் ஒரு நாளைக்கு மூன்று தடவை கூப்பிட்டாய். பனி விழும்போது நடந்தால் வழுக்குமா, வங்கியில் கொடுத்த தாளில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும், குழம்பில் உப்பு கூடிவிட்டால் என்ன செய்வது. உப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? உன் அம்மாவிடம் கேட்டு, நானே கண்டுபிடித்ததுபோல உனக்குச் சொல்வேன். இப்போது எல்லாவற்றையும் அந்தப் போனே உனக்குச் சொல்லிவிடுகிறது. ஞாயிறு ஒரு மணிக்கு மட்டும் கூப்பிடுகிறாய். வாரம் முழுக்க உனக்கு ஒரு சந்தேகமும் வருவதில்லையா அம்மா? ஒன்றே ஒன்று வந்தால்கூடப் போதுமே. புதன்கிழமை வாக்கில் வந்தால் இன்னும் நல்லது.

இதையெல்லாம் மனதில் வைத்துத்தான், இன்று ஆலயத்தில் ஸ்தோத்திரப் பண்டிகை ஆராதனை முடிந்ததும், வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளுக்குப் பொது அறிவுப் போட்டி ஒன்று ஏற்பாடு செய்தேன். போன் இல்லாமல் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. கையில் வைத்திருந்தால் மடியில் வைத்துப் பார்ப்பார்கள் என்று, பழைய காணிக்கைப் பை ஒன்றை, அதுதான் சிவப்பு வெல்வெட் பை, எடுத்துவந்து எல்லாப் போனையும் அதில் போடச் சொன்னேன். போடும்போது ஒவ்வொன்றிலும் சத்தத்தை அணைக்கவும் வைத்தேன். வாத்தியார் முதலில் செய்து காட்ட வேண்டும் அல்லவா, என் போனையும் போட்டேன். பிறகு பையின் வாயைச் சரடால் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டி, ஹால் வாசலில் இருந்த மேசைமேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அந்த மேசையில்தான் சபையார் கொண்டுவந்த காணிக்கைப் பொருள்கள் எல்லாம் இருந்தன. தேங்காய், கருப்பட்டி, கால் கட்டின கோழி. அதை நான் கவனித்தேன். கவனித்தும் யோசிக்கவில்லை.

உள்ளே போட்டி நடந்த அழகைக் கேள். முதல் கேள்வியே சுலபமானது: தாமிரபரணி எந்த ஊரில் கடலோடு சேருகிறது? ஜெயபிரியா என்று ஒரு பெண், கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியவளாம், கையைத் தூக்கி, "சார், ஆப்ஷன் கிடையாதா?" என்றாள். "ஆத்துக்கு ஏதும்மா ஆப்ஷன், அது ஒரே இடத்துலதான் போய்ச் சேரும்" என்றேன். பன்னிரண்டு பேரில் புன்னைக்காயல் என்று எழுதியவர்கள் மூன்று பேர். ஸ்டெபின் சரியாக எழுதியிருந்தான். ஆனால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தான். நான் உள்ளே சிவப்பு மையால் கோடு கிழித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், வெளியே ஆலயத்தில் மணி அடிக்கிற நேசக்குமார் மேசையைக் காலி செய்து, எல்லாவற்றையும் பீடத்துக்குமுன் கொண்டுபோயிருக்கிறார். நம் சபைப் போதகர் ஜெயசிங் ஐயர், "மனப்பூர்வமாய்க் கொடுத்த கைகளை ஆசீர்வதியும்" என்று ஜெபித்துப் படைத்தும்விட்டார். பிறகு வழக்கம்போல ஏலம். நம் சபையில் கட்டி வந்த பொருளை அவிழ்த்துப் பார்க்காமல் கட்டோடுதான் ஏலம் விடுவார்கள். ஏழைகள் ஒரு பிடி புளியைத் துணியில் முடிந்து கொண்டுவந்தால் அதைப் பிரித்துப் பார்த்து அவர்களைக் கூச வைக்கக்கூடாது என்று இருபது வருஷத்துக்கு முன் கமிட்டியில் பேசி, மேசையைத் தட்டி, அந்த விதியைக் கொண்டுவந்த உத்தமன் யார் தெரியுமா? உன் அப்பன்தான்.

போட்டி முடிந்து கதவைத் திறந்தால் மேசையில் ஒரு கோழி இறகு மட்டும் இருந்தது. வருஷா வருஷம் வாழைத்தார் எடுக்க ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வருகிற வியாபாரி மாரிராஜ், இரண்டு தாரோடு அந்தச் சிவப்புப் பையையும் ஏலத்தில் எடுத்துக்கொண்டு லோடு ஆட்டோவில் போய்விட்டாராம். பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, முப்பத்து நாலு வருஷத்தில் எந்த வகுப்பும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஐயரின் போனிலிருந்து ஒவ்வொருவரும் தங்கள் எண்ணுக்கு அடித்தார்கள். மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? சத்தத்தை அணைக்கச் சொன்ன புத்திசாலி பக்கத்திலேயே நிற்கிறேனே. கடைசியில் ஸ்டெபின் பைக்கை எடுத்தான். கிளம்பும்போது, "அப்பா, அக்காவோட..." என்று ஏதோ சொல்ல வந்தான். "பேசிக்கிட்டு நிக்காதல, முதல்ல கிளம்பு" என்று விரட்டிவிட்டேன்.

அவன் போன பிறகுதான் மணியைப் பார்த்தேன். ஒன்று அடிக்கப் பத்து நிமிஷம். போன ஞாயிறு நீ என்ன சொன்னாய்? "அடுத்த ஞாயித்துக்கிழம லீவு தெரிஞ்சிரும்ப்பா, கிறிஸ்துமஸுக்கு வாரேனா இல்லியான்னு சொல்லிருதேன்" என்றாய். ஏழு நாளும் அந்த ஒரு மணிக்காகத்தான் காத்திருந்தேன். நீ இல்லாமல் மூன்று கிறிஸ்துமஸ் போய்விட்டது. உன் அம்மா மாடி அறைக்கு வெள்ளையடித்து, இன்னும் பிள்ளை வருகிறாளா என்று தெரியாது, அதற்குள் மெத்தையை வெயிலில் போட்டுவிட்டாள். ஐயர் தன் போனை நீட்டி, "நம்பரைச் சொல்லுங்க சார், நான் போட்டுத்தாரேன்" என்று விரலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தேன். நாசரேத் பள்ளிக்கூடத்தின் பழைய போன் எண் வந்தது. என் எஸ்.எஸ்.எல்.சி. பதிவெண் வந்தது. டச்சுக்காரன் வந்த வருஷமும் போன வருஷமும் வந்தன. நான் பெற்ற பிள்ளையின் எண் வரவில்லை. உன் பெயரைத் தொட்டால் நீ பேசுவாய், எனக்குத் தெரிந்தது அது மட்டும்தான். "உங்க போன்ல சார்ஜ் வீணாப் போவும் ஐயா, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்து அலமாரியைக் குடைந்தேன். பழைய டைரி, பீரோவுக்கு அடியில் இருந்த பெட்டி, உன் விசா தாள், ஒன்றிலும் இல்லை. உன் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "பிள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியல, ஒண்ணும் தெரியலன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதீங்களே, பெத்த பிள்ள நம்பர் உங்களுக்குத் தெரியுதா?" என்றாள். "உனக்குத் தெரியுமா அற்புதம்?" என்று கேட்டேன். "எனக்கு எதுக்கு? எல்லாம் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர் வீட்ல இருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மதியச் சாப்பாடு இன்னும் மூடியபடி இருக்கிறது. ஆலயத்து அசன விருந்தில் கொடுத்த சோறு, பருப்பும் கத்தரிக்காயும் போட்ட சாம்பார், உனக்குப் பிடித்தது. ஒருவராலும் சாப்பிட முடியவில்லை.

உன் எண்தான் தெரியவில்லையே தவிர உன் விலாசம் தெரியும். உனக்கு அனுப்புகிற மக்ரூன் பார்சல்மேல் பதினோரு தடவை எழுதியிருக்கிறேன், வாயில் நுழையாத அந்தத் தெருப் பெயர் உட்பட. அதனால்தான் இந்தக் கடிதம். இது உன் கைக்கு வரப் பதினைந்து நாள் ஆகும், அதற்குள் இரண்டு ஞாயிறு வந்து போகும், எல்லாம் எனக்கே தெரியும். ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. நீ "வாரேன்ப்பா" என்று சொல்ல ஒரு மணிக்குக் கூப்பிட்டு, மணி அடித்து அடித்து நின்றிருக்குமோ என்றே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். வருகிறாய் என்றால் எந்தத் தேதி என்று எழுது. விமானம் மதுரைக்கு என்றால் நானே கார் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

நீ போகிற வழியிலும் வருகிற வழியிலும் ஆண்டவர் துணை நிற்பாராக. போனது போதும் என்பதால், வருகிற வழியை அவர் கொஞ்சம் விசேஷமாகக் கவனிக்கட்டும். அம்மாவின் முத்தங்கள்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா
சா. கிருபாநிதி

பின்குறிப்பு: மணி ஆறரை. ஸ்டெபின் பையோடு வந்துவிட்டான். ஐயர் ஜெபித்துக் கொடுத்தது என்பதால் மாரிராஜ் அதைப் பிரிக்கவே இல்லையாம், தன் வீட்டுப் பூஜை அறையில் மாட்டியிருக்கிறார். பை அவ்வப்போது நடுங்கவே, அவர் சம்சாரம் தங்கத்தாய் பக்கத்தில் ஒரு விளக்கும் ஏற்றிவைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, ஒரு சீப்புப் பழத்தோடு பையைக் கொடுத்து அனுப்பினார்களாம். "அக்கா பயந்துபோயிருப்பாளேல" என்றேன். "அக்காகிட்ட ஒண்ணேகாலுக்கே பேசிட்டனே. வழியில பெட்ரோல் பங்க்ல ஒருத்தர்ட்ட போன் வாங்கிப் பேசினேன்" என்கிறான். நம்பர் ஏதுல என்று கேட்டேன். பிளஸ்ஸில் ஆரம்பித்து மூச்சுவிடாமல் கடைசி எண் வரைக்கும் ஒப்பித்தான். "அக்கா அங்க போய் சிம் வாங்குன அன்னைக்கே மனப்பாடம் பண்ணிட்டேன்ப்பா. கிளம்பும்போது அதத்தான் சொல்ல வந்தேன், நீங்க விரட்டிட்டீங்க." பிறகு ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அக்காவுக்கு லீவு கிடைக்கலப்பா" என்றான். ஆகவே மேலே இந்தத் தலைமுறையைப் பற்றி எழுதிய இடங்களை எல்லாம் அடித்துவிட்டு வாசி. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். ஸ்டெபினிடம் நாலு தடவை கேட்டு உன் எண்ணை மனப்பாடம் செய்துவிட்டு, அவனுடைய போனில் உன் பெயரைத் தொடாமல் நானே ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன். கடைசி இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, யாரோ ஒரு பெண் எடுத்து அந்த ஊர்ப் பாஷையில் என்னவோ கேட்டாள். நீ இல்லை என்று தெரிந்தும் போனை வைக்க எனக்கு மனம் வரவில்லை பெர்சி. நீ இருக்கிற பக்கத்திலிருந்து வருகிற குரல் அல்லவா, அவள் வைக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.