குளத்தில் கரைந்த இரும்பு

குளத்துக்கு மருந்து ஊற்றுவதற்கு முன்னால் வந்த லேப் ரிப்போர்ட்டில், லிட்டருக்கு இரும்பு ஒரு மில்லிகிராம். ஊற்றிய பிறகு வந்ததில் இரண்டு. பேச்சிச்செல்விக்குக் கண்ணைக் கட்டியது.

கடலோர ரிசார்ட் ஒன்றின் நீச்சல்குளத்தை ஏழு வருஷமாகப் பார்த்துக்கொள்பவள் அவள். தண்ணீர் பார்வைக்குப் பளிங்குதான். ஆனால் கரைந்த இரும்பு கண்ணுக்குத் தெரியாது. குளோரின் பட்டால் போதும், மொத்தக் குளமும் டீத்தண்ணி ஆகிவிடும். சனிக்கிழமையோ, லீவுக்கு ஊர் வந்திருக்கும் காயல்பட்டினத்து கல்ஃப் குடும்பத்தார் நாற்பது பேர் வருகிறார்கள்.

முதலாளி பிரைட்டன் சத்தம் போடவில்லை. “வெள்ளிக்குள்ள சரியாகலேன்னா சென்னைக் கம்பெனிட்ட ஒப்படைச்சிருவேங்க்கா,” என்றார்.

நீச்சல்குள மருந்து விற்கும் கடையில் போய்க் கேட்டாள். இரும்பைப் பிடித்து வைக்கிற மருந்தை இரட்டிப்பாக ஊற்றி, ஃபில்டரில் துணிப்பையும் கட்டச் சொன்னார்கள். பை அடைத்து, ஹோஸ் பிடுங்கிக்கொண்டு வந்து, பிரைட்டனின் வெள்ளைச் சட்டையைத் தொப்பலாக நனைத்தது. ரிப்போர்ட்டில் இரும்பு மூன்று.

பாதிக் குளத்தை இறைத்துவிட்டுத் திருவைகுண்டத்திலிருந்து லாரித் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினாள். இரும்பு நான்கு.

வியாழக்கிழமை கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று பாட்டிலைத் தேடினாள். வழக்கமாகத் தண்ணீர் பிடித்து லேபில் கொடுத்துவரும் வாட்ச்மேன் காசிலிங்கம், சாத்தான்குளத்துக்குக் கோயில் கொடை விழாவுக்குப் போயிருந்தார். அவளே குளத்துப் படியில் இறங்கி மொண்டு, தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினாள்.

மறுநாள் ரிப்போர்ட்டைப் பிரித்தவள் லேப் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரும்பு இல்லை. பேருக்குக்கூட இல்லை.

“ஜெயிச்சிட்டீங்கக்கா,” என்று சொல்லி, பிரைட்டன் சென்னைக்காரர்களை வர வேண்டாம் என்றார். அன்று சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு குளோரினைக் கொட்டினாள். திறந்து பார்த்தால் குளம் அதே நீலத்தில் இருந்தது. சனிக்கிழமை பிள்ளைகள் தொபுக் தொபுக்கென்று குதித்த ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

கொடை முடிந்து வந்த காசிலிங்கத்திடம் பேச்சிச்செல்வி ஒன்று விடாமல் சொன்னாள்: எந்த மருந்து, எத்தனை லாரி, கடைசிப் பாட்டிலைத் தானே படியிறங்கி மொண்டது.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குளத்தை எட்ட நின்றே பார்த்தார்.

“ஏளா, இதுக்குள்ள இறங்கியா மொண்ட? எனக்கு நீச்சல் தெரியாதுல்லா, எப்பவும் பின்வாசல்ல இருக்க துருப்பிடிச்ச குழாய்லதான் பிடிச்சிட்டுப் போவேன்.”