மீசையப் பணயம் வச்ச போட்டி

மூண்டு நாளைக்குள்ள நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூண்டும் பழகவேணும். எனக்கிருந்த வேலை இவ்வளவுதான்.

சண்டைக்காலம். தேற்றாத்தீவில சித்திரை வருச விளையாட்டுப்போட்டி. வாவியில நீந்தி, கரையேறி, மெயின் றோட்டால சைக்கிள் மிதிச்சு, கடைசியா மைதானத்துக்கு ஓடிவரவேணும். நான் பேர் குடுத்தது வாய்க்கொழுப்பில. கட்டாரில இருந்து லீவில வந்து போட்டிக்குப் பேர் குடுத்திருந்த மச்சான், என்ட மனிசிட தம்பி, சாப்பிடக்க கேட்டான்.

"அத்தான், இந்த வண்டி வயித்தோட மிதப்பீங்களா, தாழுவீங்களா?"

"உனக்குப் பின்னால வந்தா மீசைய வழிக்கிறன்டா!"

மாமி உட்பட எல்லாரும் கேட்டுட்டாங்க. மனிசி தலையில கைய வச்சாள். "இருக்கிற ஒரே லட்சணம் அதுதான். அதயும் வச்சு விளையாடுறீங்களே!"

கிளப்பில அஞ்சு பேர் சேர்ந்து பயிற்சி. பயிற்சியாம்! விசில் ஊதினவர் கிளப் செயலாளர். அவர் ஓடி ஒருத்தரும் கண்டதில்ல.

"வரிசையா ஓடாதீங்கடா! ஆமி வேற பயிற்சி எண்டு நினைப்பான். கதைச்சுக் கதைச்சு, சும்மா போற மாதிரி ஓடுங்க!"

கதைச்சுக்கொண்டு ஓடினம். ரெண்டு சந்தி தாண்ட ஓட்டம் நிண்டுபோய்க் கதை மட்டும் மிஞ்சிச்சு. மறுகா நேரா தேத்தண்ணிக்கடை. ஆளுக்கு எட்டு இடியப்பம். மூண்டு நாளும் இதுதான் நடந்திச்சு.

போட்டியண்டு செயலாளர் லவுட்ஸ்பீக்கரில தொண்டை கிழியக் கத்தினார். "றோட்டுச் சென்றியில ஆமியோட கதைச்சாச்சு! போட்டிக்காரர் இறங்கத் தேவல்ல, அடையாள அட்டை தேவல்ல, நேராப் போங்க!"

நீச்சல்ல எப்பிடியோ உயிர் தப்பினன். சைக்கிள்ல, நம்பமாட்டீங்க, நான்தான் முன்னுக்கு! பின்னால மச்சானுக்கு மூச்சு வாங்கிறது கேக்குது. மீச தப்பிச்சுது எண்டு மிதிச்சன்.

சென்றி வந்திச்சு.

நான் இறங்கிட்டன்!

சேட்டுப் பொக்கற்றுக்குக் கை போகுது. மேலில சேட்டே இல்ல, ஈரக் களிசான் மட்டும்! ஆமிக்காரன் "யன்ன, யன்ன!" எண்டு கத்துறான். போகட்டாம். அவன் போகச் சொன்னா எனக்கு இன்னும் பயம். சைக்கிளப் பிடிச்சுக்கொண்டு விறைச்சுப்போய் நிக்கிறன். திரும்பிப் பாத்தா, என்னோட இடியப்பம் திண்ட நாலு பேரும் இறங்கி எனக்குப் பின்னால லைன்ல நிக்கிறானுகள்!

மச்சான் மட்டும் பெல்லடிச்சுக்கொண்டு போனான். கட்டாரில ரெண்டு வருசம் இருந்தவனுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு. எங்களுக்கு மூண்டு நாள் பழகினது ஒண்டும் வரல்ல, பத்து வருசமாப் பழகினது மட்டும் பிசகாம வந்திச்சு.

பின்னேரம் மீச போச்சு. மாமி முந்தானையால வாயப் பொத்திக்கொண்டு சிரிச்சா.

அடுத்த நாள் அதே சென்றி. வேற ஆமிக்காரன். ஒழுங்கா இறங்கி அடையாள அட்டையக் குடுத்தன். படத்தப் பாத்தான், என்னப் பாத்தான், திரும்பவும் படத்தப் பாத்தான்.

"மீச எங்க?"

"போட்டியில போச்சு, சேர்."

"பெரியவர் வருமட்டும் அங்கால நில்லு!"

காட்டத் தேவல்ல எண்ட நாளில நான் அட்டையத் தேடினன். காட்டின நாளில அவனுகள் ஆளத் தேடுறானுகள்.