மண் வாளிக்கும் ஒரு பொட்டு

பயந்த சுபாவம் உள்ளவன் கையில் ஸ்க்ரூ டிரைவர் கிடைக்கக் கூடாது. கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டு முன் அறையில் ஒரு கறுப்புப் பெட்டி பல வருடம் சாட்சியாக நின்றது. படிப்பவர்கள் சிரிக்கலாம். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் எண்ணூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தேன். (அந்த வேலையில் இருபது வருடம் இருந்தால், இட்லிப் பானை ஆவியைப் பார்த்தாலும் எந்த வால்வு கசிகிறது என்று கேட்கத் தோன்றும்.) வீடு திருவொற்றியூரில். வாசலைத் தாண்டினால் நெடுஞ்சாலை. அதில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். அவற்றின் ஓட்டுநர்களுக்கு பிரேக் என்பது விருப்பப் பாடம். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கேம் சென்டர். அங்கே கார் ரேஸ் விளையாட என் மகள் கயல்விழி, வயது பதின்மூன்று, அந்தச் சாலையைக் கடந்தாக வேண்டும்.

நானும் கூடவே போய், அவள் விளையாடி முடிக்கும் வரை வாசலில் குடையோடு நின்றேன். மூன்றாம் முறை திரும்பி வந்ததும் சொல்லிவிட்டாள்.

"நைனா, நீ அங்க வாட்ச்மேன் மாதிரி நிக்காத. பசங்க உன்னாண்ட சைக்கிள பாத்துக்கோன்னு சொல்ட்டுப் போறானுங்க."

இனிமேல் தனியாகத்தான் போவாளாம். அந்த ரேஸை நம் வீட்டு டிவியிலேயே ஓட வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் வெறும் வாக்கை நம்பவில்லை. வேலைக்கு உத்தரவு கொடுக்கும் எங்கள் ஆலைப் படிவம் ஒன்று என் பையில் இருந்தது. (ஒரு பல்பு மாற்றவும் அதில் மூன்று கையெழுத்து வேண்டும்.) அதை எடுத்து நிரப்பினாள். பணி: முன் அறை டிவியில் கார் ரேஸ், சத்தத்துடன். கெடு: ஆயுத பூஜை, விளக்கு வைக்கும் நேரம். தவறினால்: கயல் தனியாக ரோட்டைக் கடப்பாள். என் மனைவி மங்கை சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். யார் பக்கம் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

டிவியோடு ஒரு கம்ப்யூட்டரை இணைத்து, விண்டோஸுக்குப் பதிலாக அதில் இலவச லினக்ஸைப் போடு என்று கெடுத்துச் சொன்னவர், தப்பு, எடுத்துச் சொன்னவர் எங்கள் ஆலையில் மீட்டர்கள் பார்க்கும் ஏழுமலை.

"அண்ணாத்த, அதுக்கு வைரஸே வராது. உன்ன மாதிரி பயந்தாங்கொள்ளிக்குன்னே செஞ்சி வச்சிக்கீறாங்க."

வைரஸ் வராது என்ற இரண்டு சொல்லில் விழுந்தேன். ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி நானே கம்ப்யூட்டர் பெட்டியைப் பூட்டிச் சேர்த்தேன். சூடு என்றால் எனக்கு நடுக்கம். ஒரு காற்றாடி போதும் என்றார் ஏழுமலை. நான் நான்கு வைத்தேன்: காற்றை இழுக்க முன்னால் இரண்டு, வெளியே தள்ளப் பின்னால் இரண்டு. அப்படியும் மனம் ஆறாமல் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, தீப்பிடித்தால் கொட்ட, பக்கத்தில் ஒரு சிவப்பு வாளி நிறையக் கடல் மணல் வைத்தேன். பெட்டியைப் போட்டால் மாவு மில் மாதிரி இரைந்தது.

அதன் பிறகு நான் பட்ட அவமானங்களைச் சொல்லி மாளாது. டிவியில் படம் வர ஒரு வாரம். படம் வந்ததும் சத்தம் போயிற்று. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஓர் இணையக் குழுவில் பணிவாகச் சந்தேகம் கேட்டேன். முதலில் கையேட்டைப் படி என்று முகம் தெரியாத ஒருவன் ஏசியிருந்தான். நான் ஆலைக்குப் பாதுகாப்புக் கையேடு எழுதிப் பிழைக்கிறவன் ஐயா. என்னைப் போய்!

ஒருவழியாக ஓடிய முதல் விளையாட்டு, லினக்ஸோடு இலவசமாக வந்தது. ஒரு பென்குயின் பனியில் வழுக்கிக்கொண்டே மீன் பிடிக்கும். கயல் ஒரு நிமிடம் பார்த்தாள்.

"மீன் புடிக்கிறத பாக்கணும்னா காசிமேட்டுக்குப் போவேன். இதுக்கு இன்னாத்துக்கு டிவி?"

விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட வைக்கும் ஒரு மென்பொருளைப் பிடித்து, பூஜைக்கு முதல் நாள் ரேஸையும் சத்தத்தோடு ஓட வைத்தேன். காருக்குச் சக்கரம் மட்டும் தெரியவில்லை. கயல் படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு, சக்கரம் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டாள்.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் மங்கையின் தையல் மெஷின், கயலின் சைக்கிள், என் டெஸ்டர், பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஏழுமலை குடும்பத்தோடு வந்திருந்தார். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் தொட வேண்டும் என்றாள் மங்கை. கெடு இன்றைக்கு என்றேன் நான். பேசிப் பேசி, தீபாராதனைக்கு முன்னால் ஒரே ஒரு ரேஸ் என்று முடிவாயிற்று. கயல் கீபோர்டோடு உட்கார்ந்தாள். சக்கரமில்லாத கார் பறந்தது. ஏழுமலை கை தட்டினார். என் வாழ்நாளில் என்னை நானே மெச்சிக்கொண்ட அந்த இரண்டு நிமிடத்தில், பெட்டியின் பின்பக்கத்திலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. சும்மா இல்லை, கொதிகலன் புகைபோக்கி மாதிரி.

இருபது வருடப் பயிற்சி வீண் போகவில்லை. எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கத்தினேன். ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். வாளியைத் தூக்கி, திறந்திருந்த பக்கவாட்டு வழியாக ஒரு பிடி மிச்சமில்லாமல் மணலைக் கொட்டினேன்.

காற்றாடிகள் நின்றன. வாசல்வரை போன ஏழுமலை திரும்பி வந்து, குனிந்து மோந்து பார்த்தார்.

"அண்ணாத்த, ஒயரு எரிஞ்சா இப்டியா கமகமன்னு வாசன வரும்?"

பெட்டிக்கு முன்னால் தரையில் தூபக்கால் இருந்தது. அதுவரை என் இரண்டு காற்றாடிகள் உள்ளே இழுத்துக்கொண்டிருந்த சாம்பிராணிப் புகை, இப்போது ஒன்றுமே நடக்காதது போல நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

கயல் படிவத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது: கெடு வந்துவிட்டது, டிவி இருண்டு கிடந்தது.

மறுநாள் அவள் தனியாகப் போனாள். கூட வரக் கூடாது என்ற உத்தரவின்படி நான் மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து, கையை நீட்டினாள். ஒரு நாற்பதடி லாரி நின்றது. இருபது வருடம் பாதுகாப்பு போதித்த எனக்கு ஓர் ஆட்டோகூட அப்படி நின்றதில்லை.

அந்தப் பெட்டியை வெகுகாலம் கழித்துக் காயலான் கடைக்குப் போட்டபோதும் உள்ளிருந்து மணல் கொட்டியது. கயல் இன்று பெங்களூரில் வேலை பார்க்கிறாள். சொந்தமாகக் கார் ஓட்டுகிறாள், நான்கு சக்கரமும் தெரிகிற கார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தவறாமல் போன் செய்து கேட்பது ஒன்றுதான்: "நைனா, வாளிக்குப் பொட்டு வச்சாச்சா?"

வைத்துவிடுகிறேன். எங்கள் வீட்டில் முதல் பொட்டு அந்தச் சிவப்பு வாளிக்குத்தான். ஆனால் தூபக்காலைக் கொண்டுபோய் அந்தக் காற்றாடிக்கு முன்னால் வைத்தது யார் என்று நான் கேட்கும்போது மட்டும், கயலுக்கு டவர் கிடைப்பதில்லை. மங்கைக்கு அடுப்பில் ஏதோ தீய்கிறது.