உறவு எத்தனை?

"நாப்பத்தி மூணா?" நர்ஸ் படிவத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வந்தவள், சட்டைக் கம்பெனியில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவள். மூன்று மாதமாக நேரங்கெட்ட நேரத்தில் உதிரப்போக்கு. பாவம், நிற்கவே தெம்பில்லை. மேற்பார்வையாளரிடம் கெஞ்சி அரைநாள் விடுப்பு வாங்கியிருந்தாள். 'இதுவரை எத்தனை பேருடன் உறவு?' என்ற கேள்விக்கு விரல்விட்டு எண்ணித்தான் எழுதியிருந்தாள்.

குறைத்து எழுதிவிட்டோமோ?

"அவசரத்துல எண்ணினது சிஸ்டர். அவர் பக்கத்து ஆளுங்களையும் சேத்தா அறுபது தாண்டும்."

நர்ஸ் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? பாதிப் பேரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததே அவர்தான்."

"கடவுளே! இப்பவும் எல்லாரோடயும்...?"

"எங்க சிஸ்டர்! ஆளாளுக்கு மனஸ்தாபம், விட்டுப்போச்சு. அவரோட அக்கா மட்டும் வாரம் தவறாம வந்துடுவாங்க."

"அக்காவுமா!"

நர்ஸ் வராந்தாவுக்கு ஓடி, அங்கே காத்திருந்த அவளுடைய கணவரை, வீடுவீடாகப் போய் மின் மீட்டர் கணக்கெடுப்பவரை, இழுத்துவந்து படிவத்தை நீட்டினாள். படித்தவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஐயோ, இது சொந்தபந்த உறவு இல்லடி!"

காதோரம் விளக்கினார். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"சரியான மண்டு! சிஸ்டர், இருபத்தெட்டு வருஷமா இவளுக்கு நான் ஒருத்தன்தான். அப்புறம் எதுக்கு இந்த டெஸ்ட்டு? கெளம்புடி, மானம் போனது போதும்."

அவளுக்கும் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. பையை எடுத்தாள். "ஒருத்தர்தான்னா எனக்கு வராதுல்ல சிஸ்டர்?"

"யாரு சொன்னா? உதிரம் போகுதுல்ல, பாத்தே ஆகணும். இந்தப் புத்துநோயைக் கொண்டுவர்ற கிருமி ஒருத்தர்கிட்டேருந்தும் தொத்தும்மா. அவருக்கு எத்தனை பேரோ, அந்த ஆபத்து உங்களுக்கும்தான்." நர்ஸ் பேனாவைத் திறந்தாள். "சொல்லுங்க சார். உங்களுக்கு?"

அவர் சுவரில் தொங்கிய கருப்பைப் படத்தை உற்றுப் பார்த்தார்.

"எழுதுங்க சிஸ்டர்," என்று களைப்போடு சிரித்தாள் மனைவி. "அவருக்கும் நான் ஒருத்திதான்."

அவர் அவள் கையிலிருந்து பையை மெல்ல வாங்கி நாற்காலியில் வைத்தார்.

"வந்தது வந்தோம்... டெஸ்ட்டை எடுத்துட்டே போயிடலாமே!"