அண்ணன் படத்துக்கு மாலை விழுந்த கதை

மூலக்குளம், புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய அண்ணன் இளஞ்செழியன் அவர்களுக்கு, உன் ஒரே தங்கை அமுதவல்லி எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உன் மாப்பிள்ளை ராஜவேலும் நலம். அடுத்து உன் நலத்தை விசாரிக்க வேண்டியது முறை. ஆனால் இந்த வாரம் உன் நலத்தை எங்கள் தெருவே விசாரித்து முடித்துவிட்டது. கடலூரில் நீ நன்றாக இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய், என் பேரை எடுத்தால் மட்டும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறாய் என்று சுமலதா அண்ணி சொன்னாங்க. என் போனை நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் உன் முகம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் வட்டம்தான் தெரிகிறது. தபால்காரரிடம் உன் கோபம் செல்லாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

கடைசியாகப் பேசியபோது, "அந்தப் படத்தக் கிழிச்சிப் போடு. இனிமே பிரஷ்ஷத் தொட்டின்னா எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று சொல்லி போனை வைத்தாய். இரண்டுக்கும் சம்மதம். கலர், பிரஷ் எல்லாவற்றையும் பையில் கட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. படத்தையும் கிழித்துவிடுகிறேன். ஆனால் நடந்ததில் கடலூர்ப் பகுதி மட்டும்தான் உனக்குத் தெரியும். மூலக்குளம் பகுதியையும் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

எல்லாம் எங்கள் கம்பெனி சோப்பு உறையில் இருக்கிற ரோஜாப்பூவால் வந்தது. சேதராப்பட்டில் பேக்கிங் செக்‌ஷனில் சேர்ந்த நாளிலிருந்து அந்த ரோஜாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த மகராசன் வரைந்தானோ, இலை காம்பிலிருந்து வராமல் இதழிலிருந்து வருகிறது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். "சோப்பு விக்கிது இல்ல? இலை எங்க இருந்தா உனக்கென்னம்மா?" என்றார். மனசு ஆறவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கிழிந்த அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில், கணக்குப் போடும் பால்பாயின்ட் பேனாவாலேயே ஒரு ரோஜா வரைந்தேன். இலை காம்பிலேயே வந்தது. அண்ணா, அந்த அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். படம் வரைவதைப் பத்தாவதோடு விட்டது. அப்பாவுக்கு மில்லில் வேலை போனதும் வீட்டில் அரிசி பற்றித்தான் பேச்சு, டிராயிங் பற்றி யார் பேசுவது? அப்புறம் கல்யாணம், பூவிழி, அவள் படிப்பு, அவள் கல்யாணம். கை அதை மறந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கை மறக்கவில்லை, நான்தான் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

பீச் பக்கத்துத் தெருவில் ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். சொல்லித்தருவது தீபலட்சுமி என்ற பெண், நம் பூவிழி வயசுதான் இருக்கும். "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு முகத்த வரைங்கம்மா" என்றாள். உன் மாப்பிள்ளையைக் கேட்டேன். "இத்தன வருஷமா பாக்கிறியே பத்தாதா, வரைஞ்சி வேற பாக்கணுமா?" என்று கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதனால் பூவிழி கல்யாணத்தில் தாய்மாமனாக நீ நின்ற போட்டோவை எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு நீ அழக்கூடாது என்று வாயை இறுக்கி வைத்திருந்தாய், நினைவிருக்கிறதா? அந்த வாயை மட்டும் பல ஞாயிறுகள் வரைந்து அழித்தேன். வந்துவிட்டது. நம்ப மாட்டாய், அப்படியே வந்துவிட்டது.

இனிதான் கஷ்டகாலம். வாட்டர் கலர் ஆயிற்றே, கண்ணாடி போட வேண்டும் என்று தேவதாஸ் பிரேம் கடையில் கொடுத்துவிட்டு நான் ஷிப்டுக்குப் போய்விட்டேன். தேவதாஸ் அனுபவசாலி. அவர் கடைக்குப் பெரிய சைஸில் வருவது சாமி, கல்யாண ஜோடி, இல்லையென்றால் காலமானவர்கள். நீ சாமியும் இல்லை, பக்கத்தில் அண்ணியும் இல்லை. அதனால் அவரே முடிவுகட்டிக்கொண்டு கண்ணாடிமேல் சந்தனம் குங்குமம் வைத்து, சந்தன மாலை போட்டு, மேலே சின்ன பல்பு ஒன்றும் வைத்துக் கொடுத்திருக்கிறார். வாங்கப் போன உன் மாப்பிள்ளையாவது கேட்டிருக்க வேண்டாமா? "ஓவியம்னா இப்படித்தான் முடிச்சிக் குடுப்பாங்கன்னு நெனச்சேன்" என்கிறார் இன்றுவரை. வண்டியில் பின்னால் ஒருவரை உட்காரவைத்து, அவர் மடியில் உன்னை வெளிப்பக்கம் பார்க்க நிறுத்தி, வில்லியனூர் ரோடு முழுக்க நிதானமாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ரோட்டோரம் ரெண்டு பேர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்களாம். அதற்கும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். வீட்டில் ஆணி அடிக்கவில்லை என்று வாசலைப் பார்த்த மாதிரி நாற்காலியில் வைத்து, பல்பு எரிகிறதா என்று போட்டும் பார்த்திருக்கிறார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, பக்கத்திலேயே விளக்கு வேறு எரிகிறது. எதிர்வீட்டு ஜெயம் அக்கா எட்டிப் பார்த்தாங்க. அவ்வளவுதான்.

நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தெருவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. ஜெயம் அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டு, "அமுதா, இப்படி ஆயிடுச்சேடி" என்று அழுதாங்க. உன் மாப்பிள்ளைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நானும் ஓவென்று அழுதேன். அவர் உள்ளேயிருந்து எல்லோருக்கும் டீ எடுத்துக்கொண்டு வந்தார். வந்திருப்பவர்கள் படம் பார்க்க வந்தவர்கள் என்று அவர் நினைப்பு. அவர் இல்லையென்றால் யார் என்று உள்ளே பார்த்தால் நீ, மாலையோடு. எனக்கு உயிரே போய்விட்டது. என் படம் என்பதே மறந்துபோய், ஐயோ அண்ணா என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதுகொண்டே உன் முகத்தைப் பார்க்கிறேன், மூக்கோரம் நான் போட்ட நிழல் கண்ணாடிக்குள் அவ்வளவு சரியாக விழுந்திருக்கிறது. மன்னித்துவிடு, அந்தத் துக்கத்திலும் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அந்த நேரம் பார்த்து ஜெயம் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, "பாருடி, உயிரோட இருக்கிற மாதிரியே இருக்காரு" என்றாங்க. இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இனி யார் தரப்போகிறார்கள்?

விஷயம் புரிந்து, நான் எல்லோருக்கும் விளக்கி, நாற்காலிகளை அடுக்குவதற்குள் தெருப் பையன்கள் முந்திக்கொண்டார்கள். படத்தைப் போனில் பிடித்துப் போய்த் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டார்கள். அதில் உன்னைவிட அஞ்சலி செலுத்துபவர்கள் தலைதான் பெரிசு. ஜெயம் அக்காவின் கடலூர் சொந்தக்காரர் மாலையோடு உன் இரும்புக் கடைக்கே வந்து, கல்லாவில் இருந்த உன்னிடமே, "எத்தினி மணிக்கு எடுக்கறாங்க?" என்று கேட்டதும், நீ அந்த மாலையை அவர்மேலேயே வீசியதும் அண்ணி சொல்லித் தெரியும். அந்த மனுஷனிடம் உன் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

உன் கோபம் நியாயம்தான். இருக்கிறவர் படத்துக்கு மாலை விழுந்தால் யாருக்கும் மனசு பதறும். அடுத்த ஞாயிறு வகுப்பில் எங்கள் படங்களைக் கண்காட்சியாக வைக்கிறார்கள். என் படம் வேண்டாம் என்று தீபலட்சுமியிடம் சொல்லிவிட்டேன். அவள் அதை மாட்டுவதற்கு ஒதுக்கிய இடத்தைக் காட்டினாள். ஜன்னலுக்குப் பக்கத்தில், நல்ல வெளிச்சம். எனக்கு வலித்தது அண்ணா. இத்தனை வயசுக்கு மேல் எனக்கென்று கிடைத்த ஒன்று, அதுவும் உன் முகமாகவே வந்தது. அதை நீயே கிழிக்கச் சொல்கிறாய். பரவாயில்லை. எனக்கு அண்ணன் வேண்டும், படம் அப்புறம்தான்.

அண்ணிக்கு என் அன்பு. நீ நூறு வயசுக்குக் குறையாமல், யாருடைய சுவரிலும் தொங்காமல் நன்றாக இருக்க வேண்டும் என்று பிரார்த்திக்கும்,
உன் சொல் தட்டாத தங்கை,
அமுதவல்லி

பின்குறிப்பு: இதை எழுதிக் கவரில் போட்டவள் அனுப்பாமல் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நேற்று கிழிக்கலாம் என்று பிரேமைப் பிரித்தேன். படத்தில் இடது காது கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. கிழிப்பதுதான் கிழிக்கிறோம், சரியாக இருக்கிற படத்தைக் கிழிப்போமே என்று பரணிலிருந்து பையை இறக்கினேன். காது சரியாயிற்று. அதற்கப்புறம் கை வரவில்லை. மேலே நான் சம்மதித்த இரண்டையும் நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். படம் இப்போது வகுப்பு மாடியில் அந்த ஜன்னல் பக்கத்தில் தொங்குகிறது, மாலை இல்லாமல். கண்காட்சிக்கு ஜெயம் அக்கா தெருவையே திரட்டிக்கொண்டு வருகிறாங்க. பாதிப் பேர் நீ இருப்பதை இன்னும் நம்பவில்லை. அதனால் ஞாயிறு காலை நீயே நேரில் வந்து படத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடு. கோபம் தீரவில்லையென்றால் தீர்த்துக்கொண்டு வராதே, அப்படியே வா. அந்த முகத்தை நான் இன்னும் வரையவில்லை.