மருந்துக்கடைக்காரர் கூட்டிய நாத்திகர் மாநாடு

காலையில் குளித்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றபோதுதான் மருந்துக்கடைக்காரருக்கு அந்த யோசனை உதித்தது. நாத்திகர்களை எல்லாம் கூட்டி ஒரு மாநாடு போட்டால் என்ன?

நல்ல யோசனை கொடுத்ததற்குச் சாமிக்கு நன்றி சொன்னார். சொன்ன பிறகுதான் எதற்கு, யாருக்கு நன்றி சொல்கிறோம் என்று உறைத்தது. "கண்டுக்காதே சாமி, எல்லாம் பிள்ளைக்காகத்தான்" என்று வழக்கம்போல் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு சட்டையை மாட்டினார்.

பிள்ளை என்றால் ஒரே மகள். வாயாடி. கெட்டிக்காரி. சாமி இல்லை என்பது அவள் கட்சி. இருக்கிறது என்பது அப்பா கட்சி. சாப்பாட்டு மேஜையில் தினமும் இருவரும் தட்டை மறந்துவிட்டு மல்லுக்கட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான அம்மா, "இருக்கோ இல்லையோ, சாப்பாடு ஆறுது" என்று தீர்ப்பு சொல்வாள். அப்பாவும் மகளும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போய்ச் சாப்பிடுவார்கள்.

அந்த மகள் இணையத்தில் ஒரு குழு நடத்தி வந்தாள். பெயர் 'கேள்விக்கூடம்'. கடவுள் நம்பிக்கை போய்விட்டது, வீட்டில் சொன்னால் அடி விழும் என்று தவிக்கிறவர்கள் வந்து பேசுகிற இடம். புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் அவள் முதலில் எழுதுவது ஒன்றுதான்: "கடவுள் அப்புறம் இல்லாமல் போகட்டும். முதலில் சொல்லுங்கள், சாப்பிட்டீர்களா?" இந்த ஒரு கேள்விக்கே பாதிப் பேர் அழுதிருக்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவர் வீட்டில் எந்த மருந்துக்கும் அது கேட்கவில்லை. போய்விட்டாள். இருபத்தாறு வயது.

அதன் பிறகு அவர் கடைக்குப் போனார், வந்தார். இருமல் மருந்து கேட்டவருக்குக் களிம்பை எடுத்துக் கொடுத்தார். வாங்கினவரும் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் மனைவி மகளுடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மகள் பேரை இவர் எடுத்தால் போதும், சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அவளால் தாங்க முடியவில்லை, பாவம் என்று இவரும் பேரை எடுப்பதை நிறுத்திவிட்டார். இருபத்தாறு வருஷம் வீடு முழுக்க ஒலித்த பெயர். யாரிடம் போய்ச் சொல்வது?

ஒருநாள் மனைவி பள்ளிக்கூடம் போயிருந்தபோது மகளுடைய லேப்டாப்பில் ஓர் அறிவிப்பு கிடந்ததைப் பார்த்தார். ஒரு மாதம் குழுவில் யாரும் எதுவும் எழுதாவிட்டால் குழு மூடப்படும், அதில் எழுதியது எல்லாம் அழிக்கப்படும் என்றது. அவள் எழுதியதை எல்லாம் காகிதத்தில் அச்சடித்துப் பார்த்தார். சரிப்படவில்லை. காகிதத்தில் அவள் இறந்துபோனவளாக இருந்தாள். குழுவில் அவள் பேருக்குப் பக்கத்தில் பச்சை எழுத்தில் இன்னும் 'நிர்வாகி' என்று இருந்தது.

அன்றே குழுவில் உறுப்பினர் ஆனார். புனைபெயர் கேட்டது. கடவுளே துணை என்று எழுதிப் பழகிய கை, பாதியில் சுதாரித்துக்கொண்டு 'ஐயமே துணை' என்று எழுதியது.

குழுவில் அப்போது ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நிர்வாகி போன செய்தி கேட்டு அழுதவர்கள் ஒவ்வொருவராக விலகிப்போயிருந்தார்கள். எப்போதாவது ஒரு நர்சம்மா மட்டும் ஒரு வரி எழுதினார். இவர் விடவில்லை. கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் போனும் கையுமாக உட்கார்ந்து நாத்திகத்தை வளர்த்தார். பழக்கதோஷம்தான் காலை வாரியது. "கடவுள் சத்தியமாகச் சொல்கிறேன், கடவுள் என்று ஒருவர் இல்லை" என்று முதல் நாளே எழுதினார். "ஆண்டவன் புண்ணியத்தில் நம் குழு நல்லபடியாக நடக்கிறது" என்று மறுநாள் எழுதினார்.

அடுத்த நிமிஷமே பதில் வந்தது. 'பேராசிரியர்' என்ற பெயரில் புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். "திருத்தம். ஆண்டவனுக்கும் இந்தக் குழுவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வேறு காரணம் காட்டி எழுதவும்."

அதிலிருந்து ஆரம்பித்தது சண்டை. இவர் எது எழுதினாலும் பேராசிரியர் திருத்தினார். இவர் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது கேட்டார். அடுத்தடுத்து ஆள் சேர்ந்தது. வழியில் வண்டியை நிறுத்தி நிறுத்தி எழுதும் லாரிக்காரர் ஒருவர் வந்தார். மாமியாருக்குத் தெரியாமல் நாத்திகம் பேசும் புதுமருமகள் ஒருத்தி வந்தாள். கூடம் களைகட்டியது. போதாக்குறைக்கு இவரே 'வழிப்போக்கன்' என்று இன்னொரு பெயரில் நுழைந்து, ஐயமே துணையைக் கன்னாபின்னாவென்று திட்டி, ஐயமே துணையாக வந்து அதற்குப் பதில் கொடுத்தார். ஒருமுறை பேரை மாற்ற மறந்து தனக்குத்தானே நன்றி சொல்லிக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மனைவிக்கு மட்டும் தெரியக் கூடாது. மகளுடைய எழுத்தை அவள் பார்த்தால் உடைந்துபோவாள்.

"என்னங்க, போனைப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறீங்க?"

"மருந்து வியாபாரிங்க குரூப்பும்மா. வயித்துவலி மாத்திரை விலை இறங்கியிருக்கு."

"அதுக்கா சிரிப்பு?"

"இறங்கினா அழுவாங்களா?"

"சரி. 'ஆதாரம் எங்கே'ன்னு யாரையோ கேட்டுட்டு இருந்தீங்களே, சத்தமா?"

"அது... டாக்டர் சீட்டு இல்லாம ஒருத்தன் மருந்து கேட்டான்."

"சாமி மேல ஏன் கோவம் உங்களுக்கு?"

"எனக்கா? யாரு சொன்னா?"

"தூக்கத்துல பேசறீங்க. 'இல்லவே இல்லை, இல்லவே இல்லை'ன்னு."

"அது கடையில ஸ்டாக் இல்லைம்மா!"

பேச்சை மாற்ற இவர் எதிர்க்கேள்வி போடுவார். "நீ மட்டும் என்ன, எப்பப் பாரு போனைத் தட்டிட்டே இருக்கே?"

"பிள்ளைங்களுக்கு வீட்டுப்பாடம் அனுப்பறேன். எல்லாம் தப்புத் தப்பாப் பண்றாங்க. திருத்தித் திருத்தி விரல் தேயுது."

"பாவம், மக்குப் பசங்க" என்று இவர் உச்சுக் கொட்டுவார். ஒரு பெண்பிள்ளையை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று உள்ளுக்குள் பெருமையும் பட்டுக்கொள்வார்.

இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் சண்டை போடப் போட அவருக்குள் வேறொன்று ஏறிக்கொண்டே வந்தது. மகளைப் பற்றி யாரிடமாவது வாய்விட்டுப் பேச வேண்டும். அவளைத் தெரிந்த ஒரு மனிதரை நேரில் பார்க்க வேண்டும். அவள் பேரைச் சத்தமாகச் சொன்னால் எழுந்து போகாத ஒருவர் வேண்டும். அதுதான் மாநாடாக உதித்தது.

குழுவில் அறிவித்தார். உடனே வந்தது பேராசிரியரின் பதில்: "நேரில் சந்திப்பது அறிவுக்கு உகந்ததல்ல." லாரிக்காரருக்கு லோடு இருந்தது. புதுமருமகளுக்கு மாமியார் இருந்தார். ஆளாளுக்கு நழுவினார்கள்.

அன்று கடையில் மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் மறுபடி எழுதினார். வழக்கமான சவடால் எதுவும் வரவில்லை. "விவாதம் வேண்டாம். நம் நிர்வாகியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் போதும். எங்கள் வீட்டில் அதற்கு ஆள் இல்லை. தயவுசெய்து வாருங்கள்."

பிறகு பேராசிரியர் எழுதினார், "வருகிறேன்." லாரிக்காரர், "வருகிறேன்." புதுமருமகள், "வருகிறேன்." திருத்தம் எதுவும் இல்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காத்திருந்தவருக்குக் கேட்ட மருந்தையே சரியாக எடுத்துக் கொடுத்தார்.

கடைக்கு மேல்மாடியில் அச்சகக்காரரின் கூடம் ஒன்று சும்மா கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குக் கேட்டு வாங்கினார். நாற்காலிகளைத் தானே துடைத்து வரிசையாகப் போட்டார். வீட்டில் மருந்து வியாபாரிகள் கூட்டம் என்று சொல்லியிருந்தார். "நல்ல சட்டையாப் போட்டுட்டுப் போங்க, பெரிய மனுஷங்க வருவாங்க" என்று மனைவியே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அவருக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகக்கூட இருந்தது.

சொன்ன நேரம் வந்தது. சொன்ன ஆள் வரவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தார். லாரி ஏதும் கண்ணில் படவில்லை. நாற்காலிகளைத் திரும்ப ஒருமுறை நேராக்கினார். கடைசியில் படிக்கட்டில் காலடி கேட்டது. தலையைக் கோதிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

மனைவி நின்றிருந்தாள். கையில் பை, குடை, ஒரு தண்ணீர் பாட்டில்.

"நீ எங்கம்மா இங்க?"

"கூட்டத்துக்கு வந்தேன்."

"இது மருந்து வியாபாரிங்க கூட்டம்மா. எல்லாம் மாத்திரையைப் பத்திப் பேசுவாங்க. உனக்கு போரடிக்கும். ஆம்பளைங்க வேற..."

"மூச்சு வாங்குது. கொஞ்சம் தள்ளுங்க."

முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். "ஆரம்பிங்க."

"இன்னும் ஆளுங்க வரலையே."

"எல்லாரும் வந்தாச்சு."

"யாரு வந்தா? ஒருத்தரையும் காணோம். பேராசிரி..." என்று சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பேராசிரியர் நான்தான்" என்றாள் மனைவி. பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். "இது லாரிக்காரர்." குடையை அடுத்த நாற்காலியில் சாய்த்தாள். "இது புதுமருமகள். மாமியாரை ஏமாத்திட்டு வந்திருக்கா, சீக்கிரம் போகணும்."

மருந்துக்கடைக்காரர் பிடிப்புக்கு ஒரு நாற்காலியைத் தேடினார்.

"நர்சம்மா?" என்றார் ஈனசுவரத்தில்.

"அவங்க நிஜம். அவங்க அம்மாவுக்கு ஆபரேஷன்னு எழுதினப்ப 'சாமிகிட்ட வேண்டிக்கிறேன்'னு நீங்க பதில் போட்டீங்க. அன்னைக்கே கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாங்க."

"அப்ப வழிப்போக்கன்?" அவர் முகத்தில் ஒரு கடைசிப் பிரகாசம் வந்தது. "வழிப்போக்கன் ஒருத்தன் இருக்கானே!"

"அது நீங்க. தலைவலின்னு லாரிக்காரர் எழுதினா, 'சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு போடுங்க'ன்னு எந்த வழிப்போக்கன் சொல்லுவான்?"

அவர் உட்கார்ந்துவிட்டார். கீழே தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"எப்பலேருந்து தெரியும்?"

"முதல் நாள்லேருந்து. 'கடவுள் சத்தியமா கடவுள் இல்லை'ன்னு உலகத்துல வேற யாரு எழுதுவாங்க?"

"நீ அந்தக் குரூப்பை எப்படி..."

"கதவைச் சாத்திட்டு உள்ள என்ன பண்றேன்னு நெனச்சீங்க? அவ எழுதினதைத்தான் படிச்சிட்டு இருந்தேன். அழிச்சிடுவோம்னு அவங்க சொன்னதை நானும் பாத்தேன். நான் ஏதாச்சும் எழுதலாம்னு போனா, நீங்க முந்திட்டீங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? களிம்பும் இருமல் மருந்தும் தெரியாம நின்னீங்க. குரூப்ல சண்டை போட்ட அன்னைக்குத்தான் இன்னும் கொஞ்சம் சோறு போடுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. அதான் சண்டைக்கு இன்னும் ரெண்டு ஆள் சேத்தேன்."

"நான் அவ பேரை எடுத்தா எழுந்து போயிடுவியே."

"உங்க மூஞ்சியைப் பாக்க முடியாமப் போவேன். கேக்கப் பிடிக்காம இல்லை." தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினாள். "'எங்கள் வீட்டில் அதற்கு ஆள் இல்லை'ன்னு எழுதிட்டீங்க. நான் இல்லையா?"

அவருக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. மகள் போனதிலிருந்து இருவரும் அடுத்தடுத்த அறைகளில் தனித்தனியாக அழுதிருக்கிறார்கள். சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் கொஞ்சம் தெளிந்த பிறகு. "அவ்வளவு வாதம் பண்ணினியே, நிஜமாவே சாமி இல்லைன்னுதான் நினைக்கிறியா?"

"எனக்குத் தெரியலைங்க. இருந்தா ஏன் இப்படிப் பண்ணுச்சுன்னு கேக்கணும். இல்லைன்னா யாரைக் கேக்கறது? அதனால காலையில கும்பிட்டுடறேன், சாயங்காலம் சண்டை போட்டுடறேன்."

பிறகு மாநாடு நடந்தது. நாற்காலிகளுக்கு நடுவே, பையும் குடையும் பார்த்திருக்க, மகளைப் பற்றிப் பேசினார்கள். ஆறு வயதில் டீச்சர் விளையாட்டு விளையாடி அப்பாவைப் பெஞ்சு மேல் ஏற்றியது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் செருப்பு வாங்கி வர, அது இரண்டும் இடதுகாலாக இருந்தது. பேரைச் சொன்னார், திரும்பத் திரும்பச் சொன்னார். மனைவி எழுந்து போகவில்லை. சில இடங்களில் அவளே சிரித்தாள். அச்சகக்காரர் எட்டிப் பார்த்து, ஒன்றும் புரியாமல் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

இருட்டத் தொடங்கியதும் மருந்துக்கடைக்காரர் எழுந்தார். மனசு லேசாகியிருந்தது. கூடவே பழைய சவடாலும் கொஞ்சம் திரும்பியிருந்தது.

"கூட்டம் போட்டா அறிக்கை விடணும்மா. இல்லைன்னா ஒரு மாசத்துல குரூப்பை மூடிடுவாங்க."

"விடுங்க. யாரு வேண்டாம்னா?"

போனை எடுத்து நிதானமாக எழுதினார். இந்த முறை ஆண்டவனோ சத்தியமோ குறுக்கே வந்துவிடாதபடி ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்தார். ஒரு பிழை கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம் என்ற மிதப்போடு அனுப்பினார்: "கேள்விக்கூடத்தின் முதல் கூட்டம் இன்று சிறப்பாக நடந்தது. உறுப்பினர்கள் அனைவரும் வந்திருந்தார்கள்."

பக்கத்து நாற்காலியில் இருந்த பைக்குள் போன் மணி அடித்தது. மனைவி எடுத்துப் பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். பிறகு ஏதோ தட்டினாள்.

அவருடைய போனில் பேராசிரியரின் பதில் வந்து நின்றது.

"திருத்தம். ஒருவர் வரவில்லை."