கெட்டிலின் மேல் ஒரு வழக்கு

தேநீர் பற்றிய ஆய்வறிக்கைகளில் குடிப்பவர் வருவார், அளப்பவர் வருவார். கோப்பையைக் கழுவுகிறவள் மட்டும் வரமாட்டாள். ஆகவே அவளிலிருந்தே தொடங்குவோம். ஒரு வேதியியலாளரின் மனைவி அவரோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவரைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள். கல்யாணத்துக்குப் பின் அவள் ஆராய்ந்த ஒரே திரவம் பாத்திரம் கழுவும் தண்ணீர்.

ஓயாத மழை. சுவரெல்லாம் ஈரம். வேதியியலாளரின் மாமியார் கண்ணை மூடி மாதங்களாகியும், அவர் விட்டுப்போன பித்தளைக் கெட்டில் அடுப்பிலேறி, அவரைப் போலவே மாப்பிள்ளையைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தது. அதை வீட்டைவிட்டு விரட்டுவதென்று மாப்பிள்ளை சபதம் பூண்டார். அவளுக்கோ, தாயென்று சொல்லிக்கொள்ள மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

ஒரு மாலை, நனைந்த குடையோடு நுழைந்தவர் ஆய்வகத்தில் எடுத்த ஒரு வரைபடத்தை நீட்டினார்.

"பாத்தியா? காலையில நீ போட்ட லெமன் டீ. மலை மாதிரி நிக்குதே, அதுதான் காரீயம். எல்லாம் உங்கம்மா கெட்டிலோட பூச்சு!"

"அய்யோ பாவம், மலையேறிக் களைச்சிருப்பீங்க, உக்காருங்க. டீயை எதுல கொண்டுபோனீங்க?"

"என் கோப்பையிலதான்."

'சிறந்த பகுப்பாய்வாளர்' என்று பொன்னெழுத்தில் பொறித்த பரிசுக் கோப்பை அது. வேறெதிலும் அவர் வாய் வைப்பதில்லை.

"டீயே இல்லாம, அதே கோப்பையில எலுமிச்சைத் தண்ணிய ஊத்தி அளந்தீங்களா?"

"அது எதுக்கு?"

"வெறும் மாதிரியையும் அளக்கணும்னு முதல் வருஷமே சொல்லித் தந்தாங்களே. அன்னிக்கு நீங்க லீவா?"

"எனக்கே பாடமா? மின்முனையில உலோகத்தைப் படிய வைக்கிறோம். திருப்பி உரிச்சா, உலோகம் எவ்வளவோ அவ்வளவு மின்னோட்டம் பாயுது. கருவி பொய் சொல்லாதுடி!"

"கருவி சொல்லாதுங்க. சரி, பந்தயம். கெட்டில்தான் காரணம்னா நானே அதைப் பழைய பாத்திரக் கடையில போட்டுட்டு வரேன். இல்லைன்னா, உங்க ஆய்வகத்துல காலியா இருக்கே ஒரு வேலை, அதுக்கு மனு போடுவேன். வீட்டை யார் பாத்துப்பான்னு கேக்கக் கூடாது."

"தாராளமா போடு!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

மறுநாள், அவள் கண்ணாடிப் புட்டியில் கொடுத்தனுப்பிய, கெட்டிலில் போட்ட எலுமிச்சைத் தேநீரை அளந்தார். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. பரிசுக் கோப்பையில் எலுமிச்சைத் தண்ணீரை ஊறவைத்து அளந்தார். முகடு காகிதத்தைத் தாண்டி ஏறியது. தம் வயிற்றுவலிக்கும் மறதிக்கும் விரல் மரப்புக்கும் இத்தனை காலம் அவர் மாமியாரைத்தான் நொந்துகொண்டிருந்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"சந்தேகம்தான். தினமும் நான்தானே கழுவுறேன்? உங்க கோப்பையோட உள்பூச்சு தேஞ்சுக்கிட்டே வருது. புளிப்பு எதையும் இதுல ஊத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"சொன்னியா?"

அவள் சிரிக்கவில்லை. "காலையில ரத்தப் பரிசோதனைக்குப் போறோம்."

"அந்த மனு...?"

"போட்டாச்சு. நீங்க சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள எழுதிட்டேன்."

அவருக்கு விரல் மரப்பு முழுதாகத் தீரவில்லை. முன்கூட்டியே ஓய்வு பெற்று, வீட்டைப் பார்த்துக்கொண்டார். அவளுக்கு வேலை கிடைத்தது. ஓய்வு வயதுவரை அந்தக் கருவியை அவளே இயக்கினாள். மாலையில் களைத்து வருவாள். தாயின் கெட்டிலில் அவர் போட்டுவைத்த தேநீரைக் குடிப்பாள். கோப்பையை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.